வரேன் என்று சொன்னவர்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் அக்காவை வீட்டுக்குக் கூப்பிடப் பலர் தயங்குவார்கள். வரும்போது ஒன்றும் இல்லை. சிரித்த முகமாக வருவார், கொடுத்ததைச் சாப்பிடுவார், பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவார். கிளம்பும்போதுதான் வம்பு. எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "போறேன்" என்பார்.

ரயிலில் கார்டாக இருந்த ஒருவருடைய மனைவி காய்ச்சலில் படுத்திருந்தபோது நானும் அக்காவோடு போயிருந்தேன். கிளம்பும்போது அக்கா வழக்கம்போல, "போறேன் பெரியம்மா" என்றார். மாமியார்க்காரி பதறிப்போனாள்.

"ஐயோ, நோயாளி படுத்திருக்கற வீடும்மா! போயிட்டு வரேன்னு சொல்லு."

"நாளைக்கு வர முடியாதே பெரியம்மா. நாளான்னிக்கும் பள்ளிக்கூடத்துல வேலை இருக்கு."

"வராட்டிப் போ. வாய்க்காவது சொல்லேன் லா!"

அக்கா தலையைச் சாய்த்து யோசித்தார். ஏதோ கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டதுபோல அத்தனை கவனமாக யோசித்தார். பிறகு, "புதன்கிழமை சாயங்காலம் வரேன்" என்றார்.

புதன்கிழமை வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. அதற்குள் அந்தப் பெண் எழுந்து சமைக்கவே ஆரம்பித்துவிட்டாள். மாமியாருக்கு அன்று சொன்னதெல்லாம் மறந்தே போயிருந்தது. சொட்டச் சொட்ட வாசலில் நின்ற அக்காவைப் பார்த்து, "எதுக்கும்மா இந்த மழையில?" என்றாளாம். "வரேன்னு சொன்னேனே" என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு, மறுபடி "போறேன்" என்று கிளம்பியிருக்கிறார்.

அவர் என் சொந்த அக்கா இல்லை. நான் மிஷன் காலேஜ் விடுதியில் சின்னப் பிள்ளையாகச் சேர்ந்தபோது அவர் பெரிய வகுப்பில் இருந்தார். தலை பின்னிவிட்டவர், ஜெபப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்தவர். அன்று கூப்பிட்ட பெயர்தான் கடைசிவரை. அவருடைய உண்மையான பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அதனால் இங்கேயும் அக்காவே.

காலேஜ் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். கீழ் வகுப்பிலிருந்து சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சை வரை பெண்பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். அதற்கு மேல் டீச்சர் வேலைக்குப் பழக்குகிற ஒரு வகுப்பு. அந்த ஒரு வகுப்புக்காக ஊரே அதைக் காலேஜ் என்றது. அதை நடத்தியவர் கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி. நாங்கள் அவரைப் பெரிய மிஸ் என்போம். அவருக்கு ஒரே ஓர் ஆசை. தான் கண்ணை மூடுவதற்குள், இங்கே படித்த பிள்ளைகளே திரும்பி வந்து இந்த இடத்தை நடத்த வேண்டும். அதற்காக, நன்றாகப் படிக்கிறவர்களைச் சென்னைக்குக் கப்பலேற்றி பி.ஏ. படிக்க அனுப்பினார். மற்றவர்களை உள்ளூரிலேயே பழக்கினார். திரும்பி வந்து வேலைக்குச் சேர்ந்தவர்களை விருந்தாளிகளிடம், "என் பிள்ளைகள், திரும்பி வந்தவர்கள்" என்று அறிமுகம் செய்வார். அப்போது அவர் கழுத்தெல்லாம் சிவந்துபோகும்.

நானும் அப்படித் திரும்பியவள்தான். கீழ் வகுப்புக்கும் தையலுக்கும் டீச்சர். படித்த இடத்திலேயே வேலை பார்ப்பது வினோதமான அனுபவம். முதல் நாள் மணியடித்ததும் நான் பிள்ளைகளோடு வரிசையில் போய் நின்றுவிட்டேன். சமையல்கார அம்மா என்னை டீச்சர் என்று கூப்பிடவே மறுத்துவிட்டார். "நீ பாகற்காயத் தட்டுக்கு அடியில ஒளிச்சு வைக்கறவதானே? எனக்கு மறக்குமா?" என்பார். ஆசிரியைகள் சாப்பிடும் மேசையில் உட்காரும்போதெல்லாம் யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று எனக்கு முதுகு கூசும்.

அக்காவுக்கு அந்தக் கூச்சமே கிடையாது. அவர் திரும்பிய கதை அப்படி.

அவரைச் சென்னைக்கு அனுப்பிய அன்று விடுதிப் பிள்ளைகள் எல்லோரையும் பெரிய மிஸ் ரயிலில் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். இன்று போர்ட் கிள்ளான் என்கிறார்களே, அதே இடம். அக்காவோடு இன்னும் இரண்டு பெண்கள் கிளம்பினார்கள். அவர்கள் இருவரும் பெரிய மிஸ்ஸைக் கட்டிக்கொண்டு அழுது, "கட்டாயம் வந்துடுவோம் மிஸ், சத்தியமா வந்துடுவோம்" என்றார்கள். அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் கப்பலைப் பார்த்தார். அப்புறம் பெரிய மிஸ்ஸைப் பார்த்து, "படிப்பு முடிஞ்சதும் வரேன் மிஸ்" என்று மட்டும் சொன்னார்.

அந்த இருவரில் ஒருத்திக்கு மதுரையில் கல்யாணம் ஆனது. இன்னொருத்தி சென்னையிலேயே நல்ல வேலை கிடைத்துத் தங்கிவிட்டாள். அவர்களைத் தப்புச் சொல்ல முடியாது. அக்காவுக்கும் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை டாக்டர். கோயிலில் அக்கா பாடுவதைக் கேட்டுத் தானாகவே வந்து கேட்டவர். அக்காவுக்கும் அவரைப் பிடித்திருந்தது. இதை அக்காவே என்னிடம் சொன்னார், ஒளிக்காமல்.

"நல்ல மனுஷன். சிரிக்க வைப்பார். அவர்கிட்ட சொன்னேன், நான் கோலாலம்பூர்ல வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன், நீங்க அங்க வர்றீங்களான்னு. அம்மாவ விட்டுட்டு வர முடியாதுன்னார். அதுவும் நியாயந்தானே."

"ஒரு கடுதாசி போட்டு மிஸ்கிட்ட அனுமதி கேட்டிருக்கலாமே அக்கா? அவங்க விட்டிருப்பாங்க."

"விட்டிருப்பாங்க" என்றார் அக்கா.

கப்பலிலிருந்து இறங்கி, ரயிலேறி, தகரப் பெட்டியோடு நேரே காலேஜுக்கு வந்தார். வீட்டுக்குக்கூடப் போகவில்லை. பெரிய மிஸ் வகுப்பில் இருந்தார். அக்கா பெட்டியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே போய், "வந்துட்டேன் மிஸ்" என்றார். பெரிய மிஸ் கையிலிருந்த சாக்கட்டியைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று பிற்பகலே ஏழாம் வகுப்புக்குப் பூகோளப் பாடம் எடுத்தது அக்காதான்.

ஒரு தடவை கேட்டேன், "ஊரே சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்ற வார்த்தை அக்கா அது, நீங்க மட்டும் ஏன் இப்படி?"

அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "வேற எதுக்கு இருக்கு அந்த வார்த்தை?"

உண்மையைச் சொன்னால், எனக்கு அவரைக் கண்டு கொஞ்சம் பயம். அவர் யாரையும் திருத்தியதில்லை. நான் ஆயிரம் தடவை "இதோ வரேன்" என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தபோது முகம்கூடச் சுளித்ததில்லை. ஆனாலும் அவர் எதிரில் வாயைத் திறக்குமுன் நம் வார்த்தையை நாமே ஒரு தடவை பார்த்துக்கொள்வோம். அவரோடு பேசி முடித்துவிட்டு வந்தால் நெடுநேரம் நடந்து வந்தாற்போலக் களைப்பாக இருக்கும்.

ஆறு கரைபுரண்டு ஊருக்குள் தண்ணீர் வந்த வருஷம் அது. சனி, ஞாயிறுக்கு அக்கா கிள்ளானில் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார். போகும்போது விடுதியின் சின்னப் பிள்ளைகளிடம், "திங்கட்கிழமை வரேன்" என்று சொல்லியிருந்தார். ஞாயிறன்றே ரயில் நின்றுவிட்டது. திங்கள் காலையில் பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவெல்லாம் ஆறாகிவிட்டது. பிள்ளைகளை மாடிக்கு ஏற்றி, அரிசி மூட்டைகளையும் மேலே தூக்கி வைத்துவிட்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். இந்த வெள்ளத்தில் அக்கா எங்கே வரப் போகிறார் என்று பெரியவர்கள் யாரும் அவரைப் பற்றி நினைக்கவே இல்லை.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மாடி ஜன்னலில் இருந்த குட்டிகள் கூச்சல் போட்டார்கள். எட்டிப் பார்த்தேன். இடுப்பளவுத் தண்ணீரில், ரப்பர் செருப்பை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு அக்கா வந்துகொண்டிருந்தார். தோட்டத்து லோரி ஒன்றில் பாதி வழி வந்திருக்கிறார். பிறகு ஆற்றோரக் கம்பத்து, அதாவது கிராமத்து, மலாய்க்காரர் ஒருவர் தம் படகில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். மீதிக்கு ரயில் மேட்டில் நடந்திருக்கிறார். படியேறி வந்தபோது முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

பெரிய மிஸ்ஸுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பைத்தியமா உனக்கு? நீ வரவில்லை என்றால் யார் குற்றம் சொல்லியிருப்பார்கள்?"

"யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க மிஸ்" என்றார் அக்கா, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே. "பிள்ளைங்க ஜன்னல்லயே நின்னிருப்பாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் குட்டிகள் காலையிலிருந்து அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. வெள்ளத்தை வேடிக்கை பார்க்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

இனி காத்தாயியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

காத்தாயி கிள்ளானை ஒட்டிய மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளை. அப்பா பால் மரம் வெட்டுகிறவர், ரப்பர்ப் பால் எடுக்கிற வேலை. அம்மா இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கப் போன அக்கா, அவள் படிப்பதைப் பார்த்துவிட்டு விடுதிக்கு அழைத்து வந்தார். நல்ல புத்தி. வாயும் அப்படியே. சமையல்கார அம்மாவிடமே பாகற்காய்க்கு எதிராக வாதாடி ஜெயித்தவள் அவள் ஒருத்திதான். டீச்சர் வகுப்புவரை வந்துவிட்டாள். அடுத்துத் திரும்பி வருகிற பிள்ளை இவள்தான் என்று பெரிய மிஸ் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில், காத்தாயியின் முழங்கைக்கு மேலே வெளிறிய ஒரு தடிப்பைப் பார்த்து டாக்டர் ஊசியால் குத்தினார். அவளுக்கு வலிக்கவில்லை. இன்னொரு டாக்டர் வந்து பார்த்தார். பெருநோய் என்று முடிவானது. இப்போது தொழுநோய் என்கிறார்கள். அந்தக் காலத்தில் அதற்குச் சட்டம் இருந்தது. ஊருக்கு வெளியே அவர்களுக்கென்று குடியிருப்பு கட்டி வைத்திருந்தார்கள். போனால் போனதுதான்.

மறுநாள் காலையிலேயே மூடிய வண்டி வந்துவிட்டது. காத்தாயி தன் பையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. நாங்கள்தான் அழுதோம். பிள்ளைகள் ஓவென்று கதறி, "வந்து பாக்கறோம் காத்தாயி, எல்லாரும் வந்து பாக்கறோம்" என்றார்கள். நானும் சொன்னேன். அது நடக்காது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனால் வேறு என்ன சொல்ல?

அக்கா வண்டிக்காரரிடம் போனார். "அண்ணே, அங்க பார்க்க எந்தக் கிழமை விடுவாங்க?"

"சனிக்கிழமை மத்தியானம். ஆனா யாரும் வர்றதில்லம்மா."

அக்கா தலையைச் சாய்த்தார். அவர் யோசிப்பதைப் பார்த்ததும், என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "காத்தாயி, சனிக்கிழமை வரேன்" என்றார்.

அதுவரை கல்லாக இருந்த பெண் அப்போதுதான் உடைந்து அழுதாள். "எத்தனை சனிக்கிழமை டீச்சர்?"

"நீ வெளிய வர்ற வரைக்கும்."

போனார். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனார். பஸ்ஸில் போய், பஸ் நிற்கிற இடத்திலிருந்து மண் ரோட்டில் நடந்து. திரும்பி வந்ததும் குளித்துத் துணியைக் கொதிக்கும் நீரில் போடுவார். தொட்டுப் பேச விடமாட்டார்கள், நடுவில் மரத்தடுப்பு உண்டு, காற்றில் பரவுகிற நோய் அல்ல இது என்று டாக்டரே சொல்லியிருந்தார். இதெல்லாம் ஊருக்கு யார் எடுத்துச் சொல்வது? சாலாக் செலாத்தானிலிருந்து வரும் ஒரு பிள்ளையின் அப்பா முதலில் அவளை அனுப்புவதை நிறுத்தினார். அவரைப் பார்த்து இன்னும் சிலர். நாற்காலிகள் காலியாகத் தொடங்கியதும் நிர்வாகக் குழு கூடியது. பெரிய மிஸ் அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். நான் சொன்னால் அக்கா கேட்பார் என்று நினைத்து என்னையும் கூப்பிட்டார்.

பெரிய மிஸ் ஆங்கிலத்தில்தான் பேசினார்.

"நானும் அந்தப் பிள்ளைக்காக ஜெபிக்கிறேன். ஆனால் இங்கே இருப்பவர்களை நான் பார்க்க வேண்டாமா? போவதை நிறுத்து, அல்லது இங்கிருந்து போ என்று குழு சொல்கிறது. எனக்கு வேறு வழி வைக்கவில்லை."

"புரியுது மிஸ்."

"எனக்குப் பிறகு இந்த நாற்காலியில் நீ உட்காருவாய் என்றுதானே இத்தனை வருஷம் இருந்தேன்? திரும்பி வருகிறேன் என்று என்னிடம் சொன்னாயே?"

"வந்தேனே மிஸ்" என்றார் அக்கா.

அதில் துளிக்கூடக் குத்தல் இல்லை. பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். பெரிய மிஸ் முகத்தை மூடிக்கொண்டார். நான் அக்காவின் கையைப் பிடித்தேன்.

"அக்கா, மாசத்துக்கு ஒருக்கா போங்களேன். யாருக்கும் தெரியாம போங்க. அவ புரிஞ்சுக்குவா."

"அவ புரிஞ்சுக்குவா" என்றார் அக்கா. "அதான் என்னால முடியல."

பெரிய மிஸ் எழுந்து வந்து அக்காவின் நெற்றியில் முத்தமிட்டார். அவருக்கும் இது பிடித்தமில்லை என்பதை நான் எழுதியே ஆக வேண்டும். மறுவாரம் அக்கா அதே தகரப் பெட்டியோடு வாசலுக்கு வந்தார். விடுதிப் பிள்ளைகள் படிக்கட்டில் நின்றார்கள். ஏதாவது ஒரு கிழமையைச் சொல்வார் என்று காத்திருந்தார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பார்த்து முடிக்க நெடுநேரம் ஆயிற்று. "போறேன்" என்றார். முதல் தடவையாக அவர் கண் கலங்கி நான் பார்த்தேன்.

பெருநோய்க் குடியிருப்பிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று அங்கே இருந்த டாக்டர் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அக்கா அங்கேயே, வேலிக்கு வெளியே வேலையாட்கள் வரிசையில் ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டார். காத்தாயி வெளியே வரவில்லை. அதற்கான மருந்து இந்த நாட்டுக்கு வந்து சேரும் முன்பே அவள் காலம் முடிந்தது. அதற்குப் பிறகும் அக்கா அங்கிருந்து கிளம்பவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் என்ன சொல்லி வைத்திருந்தாரோ, நான் கேட்கவில்லை.

காத்தாயி நன்றாக இருந்த காலத்தில் நான் ஒருமுறை போனேன். எனக்கு அதற்குள் கல்யாணமாகி, கைக்குழந்தையும் இருந்தது. குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கணவரிடம் ஒரு பொய்யும் சொல்லிவிட்டுப் போனேன்.

தகரக் கொட்டகை. நடுவே இடுப்பளவு மரத்தடுப்பு. அந்தப் பக்கம் காத்தாயி நின்று பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். காதுமடல் தடித்திருந்தது. இரண்டு விரல்களில் கட்டு. இந்தப் பக்கம் அக்கா ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். காலேஜில் டீச்சராக இருக்க வேண்டியவள் இங்கே டீச்சராக இருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று அக்காவின் முகத்தைப் பார்த்தால் தோன்றும்.

என்னைப் பார்த்ததும் காத்தாயி சிரித்தாள். சமையல்கார அம்மாவைக் கேட்டாள். "இன்னும் அந்தப் பாகற்காதானா?" என்றாள். பேசிக்கொண்டே இருந்தோம். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமானது. எழுந்தேன்.

"டீச்சர், மறுபடி வருவீங்களா?" என்றாள் காத்தாயி.

பிள்ளைகளின் வாய்ப்பாடு நின்றது. அத்தனை பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். வாசலில் விருந்தாளி கிளம்பும்போது பிள்ளைகள் பார்க்கிற பார்வை அல்ல அது. ஒரு வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று தெரிந்தவர்களின் பார்வை. "வரேம்மா" என்பது நாக்கு நுனியிலேயே இருந்தது. பிறந்ததிலிருந்து சொன்ன வார்த்தை. அது வெளியே வர மறுத்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை, ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலம்மா" என்றேன். "பிள்ளை சின்னது. வீட்டுல இன்னும் சொல்லல. வர முடியுமான்னு எனக்கே தெரியல."

காத்தாயி தடுப்பின் பக்கம் ஓர் அடி வந்தாள். "பரவால்ல லா டீச்சர்" என்றாள். "வரேன்னு சொல்லிட்டு வராதவங்கதான் இங்க எல்லாருக்கும் இருக்காங்க. தெரியலன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதேன். வீட்டுக்கு வந்து கணவரிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "குளிச்சிட்டுத்தான் பிள்ளையத் தூக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு முடிந்த சனிக்கிழமைகளில் போனேன். ஒரு தடவைகூட முன்கூட்டி வருகிறேன் என்று சொன்னதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு அதைத் தாங்குகிற தைரியம் அக்காவுக்கு இருந்தது, எனக்கு இல்லை. சொல்லாமல்தான் போய் நிற்பேன். கொட்டகை வாசலில் என் தலையைக் கண்டதும் காத்தாயி பாடத்தை நிறுத்திவிட்டு, "அந்தப் பெஞ்சத் தொடச்சுப் போடுங்க டீச்சர், ஆளு வந்துருச்சு" என்று அக்காவிடம் சொல்வாள். அக்கா எழுந்து, முந்தானையால் பெஞ்சைத் துடைத்து, எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்காருவார்.